சோகிக்கு ஞாபகம் இல்லை

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டொக்டர் ஒருவர் பேசுகிறார் என்றதும் சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ரரோல் என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்திருப்பீர்கள். செயலாளரும் என்னிடம் அப்படித்தான் கேட்டார். நான் வேறொன்றைத் தெரிவு செய்தேன். இந்தக் கட்டிடத்தின் மேல்மாடியில், கடற்காற்றுக்குக் கதவு அடித்துக்கொண்டே இருக்கும் அந்தக் கடைசி வகுப்பறையில், பத்தாம் வகுப்பில் படித்த ஒரு பாடத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அது நிகழ்தகவு. பயப்படவேண்டாம், பரீட்சை வைக்கமாட்டேன்.

எங்கள் கணித ரீச்சர் அன்று வகுப்புக்கு வந்தபோது கையில் சோக்கட்டி இருக்கவில்லை. லேஞ்சியில் முடிந்து நாலு சோகி கொண்டுவந்தார். சோகி எங்களுக்குப் புதிதல்ல. மழைக்காலத்தில் அம்மம்மாவோடு தாயம் எறிந்தவர்கள் நாங்கள். சித்திரைப் புதுவருடத்துக்கு அயலில் சிங்கள வீடுகளில் சிரட்டையில் சோகியைக் குலுக்கி எறிந்து பஞ்ச விளையாடுவதை வேலிக்கு மேலால் பார்த்தவர்கள். ஆனால் வகுப்பறையில் சூதாட்டமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ரீச்சர் மேசையில் சோகியை எறிந்து, வாய் மேலே விழுந்தால் ஒரு கோடு, முதுகு மேலே விழுந்தால் ஒரு கோடு என்று எங்களைக் குறிக்கச் சொன்னார். ஒரு பாடவேளை முழுக்க எறிந்தோம்.

பாதிக்குப் பாதி வரவில்லை. வரவும் மாட்டாது. சோகியின் முதுகு உருண்டை, வாய்ப்பக்கம் தட்டை. நாணயக் குற்றி போல இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. “சரி, ஐந்து தடவையில் இரண்டு தடவை வாய் மேலே விழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சோகியும் வாய் மேலே விழ?” ஐந்தில் இரண்டை ஐந்தில் இரண்டால் பெருக்கு, இருபத்தைந்தில் நாலு. நாலு சோகியும் வாய் மேலே விழ? நாலு தடவை பெருக்கு. 625இல் 16. ஏறத்தாழ நாற்பது எறிதலுக்கு ஒரு தடவை. அம்மம்மா நாலும் விழுந்தால் ஏன் அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்தா என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பெருக்கலாம் என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு சோகி எப்படி விழுந்தது என்பது மற்றதை ஒன்றும் செய்யக்கூடாது. பாடப்புத்தகத்தில் அதற்குச் சாரா நிகழ்ச்சிகள் என்று பெயர். ஒன்றை ஒன்று சார்ந்திராதவை. இந்தப் பெயரை நாங்கள் மனப்பாடம் செய்தோம், கரும்பலகையில் மர வரிப்படம் கீறினோம், புள்ளியும் எடுத்தோம். விளங்கிக்கொண்டோமா என்றால், நான் விளங்கிக்கொள்ளவில்லை. ஏனென்றால் அன்றைக்கே நான் எழும்பி ஒரு கேள்வி கேட்டேன்: “ரீச்சர், ஆறு தடவையாக வாய் மேலே விழவேயில்லை. அடுத்த முறை விழத்தானே வேணும்?”

ரீச்சர் என்னை முன்னுக்குக் கூப்பிட்டு ஒரு சோகியை என் காதில் வைத்தார். “போன முறை எப்படி விழுந்தது என்று ஞாபகம் இருக்கிறதா என்று அதிடம் கேள்.”

வகுப்பே சிரித்தது. இங்கே இருக்கும் என் வகுப்புக்காரிகள் இப்பவும் சிரிக்கிறார்கள்.

இந்தத் தவறு என்னுடையது மட்டும் அல்ல என்பது ஒரு ஆறுதல். 1913 ஆகஸ்ட் 18இல் மொன்ரே கார்லோ சூதாட்ட விடுதியில் சுழலும் சக்கரத்தில் பந்து தொடர்ந்து 26 தடவை கறுப்பிலேயே விழுந்தது. இத்தனை கறுப்புக்குப் பிறகு சிவப்பு வந்தே தீரும் என்று சனம் பணத்தைக் கொட்டித் தோற்றது. எங்கள் பஸ் நிலையங்களில் லொத்தர் சீட்டு எடுப்பவர்களும் அப்படித்தான். “ஏழு கனநாளாக விழவில்லை” என்று தேடி எடுப்பார்கள். ஒரு ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கமும் வரிசையாகச் சரிவர வேண்டிய சீட்டென்றால், 26ஐ ஆறு தடவை பத்தால் பெருக்கிப் பாருங்கள், இரண்டு கோடி அறுபது இலட்சத்தில் ஒன்று. ஏழு கனநாளாக விழாததால் அந்த எண்ணிக்கையில் ஒன்றும் குறைவதில்லை. நெடுக எறிந்துகொண்டு போனால் கணக்குச் சமப்படும் என்பது உண்மைதான். ஆனால் விழாமல் போன ஆறு தடவையை யாரும் வட்டியோடு திருப்பித் தருவதில்லை. ஆயிரம் எறிதலுக்குள் அந்த ஆறு கரைந்துபோகிறது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டிலும் இந்தக் கணக்கு ஓடியது. நான் நாலாவது பெண் பிள்ளை. மூன்றும் பெண், நாலாவது கட்டாயம் ஆண் என்று அப்பாவின் பக்கத்துப் பெரியவர்கள் எல்லாம் பேர்கூட யோசித்து வைத்திருந்தார்களாம். ஒரு குடும்பத்தில் நாலும் பெண்ணாக வருவது பதினாறில் ஒன்று, சரி. ஆனால் மூன்று பெண் பிறந்த பிறகு நாலாவதும் பெண்ணாக வருவது பதினாறில் ஒன்று அல்ல, ஏறத்தாழ இரண்டில் ஒன்று. முதல் மூன்றும் முடிந்த கதை. அம்மா இதற்காகக் கேட்ட பேச்சு கொஞ்சநஞ்சம் அல்ல. பெண் பாடசாலையொன்றின் நூற்றாண்டில் இதைச் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

இனி நான் விட்ட இரண்டு பிழைகளைச் சொல்கிறேன். இரண்டும் ஒன்றுக்கு ஒன்று எதிர்ப் பிழைகள்.

முதலாவது 1996இல். சாதாரண தரத்தில் கணிதத்துக்கு நல்ல பெறுபேறு வந்த திமிரோடு உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். அது சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை களப்போரமெல்லாம் இறால் பண்ணை முளைத்த காலம். தென்னந்தோட்டத்தை வெட்டித் தொட்டி கட்டினார்கள், கண்டலை வெட்டித் தொட்டி கட்டினார்கள். சின்னச் சின்ன ஆட்களும் கடன்பட்டு இறங்கினார்கள். எங்கள் சித்தப்பாவும் இறங்கினார். ஒரு தொட்டியா இரண்டு தொட்டியா என்ற யோசனையில் என்னைக் கூப்பிட்டு, “பிள்ளை, நீ கணக்குக்காரி, பார்த்துச் சொல்லு” என்றார். ஐந்து தொட்டியில் ஒன்று நட்டப்படுகிறது என்று ஆட்கள் சொல்வதாகச் சொன்னார். நான் கொப்பியை எடுத்து ஐந்தில் ஒன்றை ஐந்தில் ஒன்றால் பெருக்கினேன். “இரண்டும் சாக இருபத்தைந்தில் ஒரு வாய்ப்புத்தான் சித்தப்பா. ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும்.” சித்தியின் நகையும் அடைவு கடைக்குப் போனது. இரண்டு தொட்டியிலும் குஞ்சு விட்டார்.

அந்த வருடம்தான் வெண்புள்ளி நோய் வந்தது. உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். இறாலின் ஓட்டில் வெள்ளைப் புள்ளி தெரியும், கரைக்கு வந்து ஒதுங்கும், சில நாளில் தொட்டியே முடிந்துவிடும். சித்தப்பாவின் இரண்டு தொட்டியும் ஒரே கிழமையில் முடிந்தன.

இரண்டு தொட்டியும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுத்தன. அதே வாய்க்காலில்தான் அயலவர்கள் நோய்த்தண்ணீரைத் திறந்து விட்டார்கள். ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய் சிலாபம் களப்பையும் முந்தல் களப்பையும் புத்தளம் களப்பையும் ஒன்றோடொன்று தொடுத்துக் கிடக்கிறது. அதில் தண்ணீர் எடுக்கும் தொட்டிகளைத் தனித்தனிச் சோகிகள் போல நினைத்து நான் பெருக்கினேன். உண்மையில் அவை ஒரே நூலில் கோத்த சோகிகள். ஒன்று புரண்டால் மற்றதும் புரளும். பின்னாட்களில் களப்பை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயத்தில் எந்த மாதம் குஞ்சு விடலாம் என்று நாட்காட்டி போட்டார்கள். அது இந்த நூலை அங்கங்கே அறுக்கும் முயற்சிதான். சித்தப்பாவுக்கு அது பிந்தி வந்தது. அவர் என்னை ஒரு நாளும் குறை சொல்லவில்லை. நோய் வந்ததற்குப் பிள்ளை என்ன செய்யும் என்பார். நகை திரும்பி வரவில்லை.

பதினேழு வயதுப் பிள்ளை விட்ட பிழைதானே என்று நீங்கள் மன்னிக்கலாம். ஆனால் இதே பிழையை இங்கிலாந்தில் பேர்பெற்ற சிறுவர் வைத்தியப் பேராசிரியர் ஒருவரும் விட்டார், அதுவும் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நின்று. சாலி கிளார்க் என்ற சட்டத்தரணியின் இரண்டு கைக்குழந்தைகள் 1996இலும் 1998இலும் திடீரென இறந்தன. தாயே கொன்றார் என்று வழக்கு. அப்படியான குடும்பமொன்றில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்க 8,543இல் ஒரு வாய்ப்பு, ஆகவே இரண்டு இறக்க அதை அதனாலேயே பெருக்கி ஏழு கோடி முப்பது இலட்சத்தில் ஒன்று என்றார் பேராசிரியர். ஒரே தாய் தகப்பனின் இரத்தம், ஒரே வீடு, ஒரே அறை. இவை எப்படிச் சாரா நிகழ்ச்சிகளாகும்? 1999இல் அந்தத் தாய்க்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பிரித்தானியாவின் அரச புள்ளிவிபரவியல் சங்கமே அந்தப் பெருக்கல் பிழை என்று பகிரங்கமாக அறிக்கை விட்டது. மறைக்கப்பட்டிருந்த மருத்துவப் பரிசோதனை முடிவொன்றும் வெளியே வந்த பிறகு, 2003இல் அவர் விடுதலையானார். 2007இல் இறந்துபோனார். மருத்துவ மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கும்போதெல்லாம் நான் இதைச் சொல்வேன். சித்தப்பாவின் தொட்டியையும் சேர்த்தே சொல்வேன்.

மற்றப் பிழைதான் எனக்குக் கூட வலித்தது.

இருபது வருடத்துக்கு முன், புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலம். ஒரு ஆஸ்பத்திரியின் சிறுவர் பகுதி. ஒரு இளம் தாய், ஒன்றரை வயது மகளோடு வந்தார். பிள்ளை வெளிறிப்போய், வயிறு ஊதி, விளையாடவே பலமில்லாமல் தோளில் சாய்ந்து கிடந்தது. பரிசோதனையில் தலசீமியா. தாயும் தகப்பனும் இரண்டு பேருமே காவிகள். அவர்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை, தங்களிடம் அது இருப்பதும் தெரியாது. பிள்ளைக்கு மட்டும் மூன்று நாலு கிழமைக்கு ஒரு தடவை இரத்தம் ஏற்றவேண்டும், வாழ்நாள் முழுக்க. ஏற்றும் இரத்தத்தில் சேரும் இரும்பை வெளியேற்ற, அந்தக் காலத்தில் இரவிரவாகத் தோலுக்குக் கீழே ஊசி குத்திச் சிறிய பம்பு ஒன்றைப் பூட்டிக்கொண்டு படுக்கவேண்டும்.

இந்த நோய் எங்கள் பக்கத்தில் இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. தலசீமியாக் காவிகளை மலேரியா அவ்வளவாகக் கொல்லாது. ஆயிரமாயிரம் வருடம் நுளம்பு ஆண்ட உலர்வலயத்தில் அந்தப் பரம்பரையலகு தங்கிவிட்டது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. நுளம்பு தந்த மற்றச் சொத்து மட்டும் இன்னும் எங்கள் இரத்தத்தில் இருக்கிறது. எங்கள் வடமேல் மாகாணத்திலேயே, குருநாகலில், நாட்டின் பெரிய தலசீமியா நிலையம் இருப்பது சும்மா அல்ல.

அந்தத் தாய் கேட்டார்: “அடுத்த பிள்ளைக்கும் வருமா, டொக்டர்?” வெளியில் நீண்ட வரிசை. நான் சொன்னேன்: “நாலு பிள்ளையில் ஒரு பிள்ளைக்குத்தான் வரும் அம்மா.”

என்னளவில் நான் சரியாகச் சொன்னேன். பாடப்புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டு வருடத்துக்குப் பிறகு இடுப்பில் இன்னொரு பிள்ளையோடு அதே கதவால் வந்தார். மகன். அதே வெளிறல். இரத்த முடிவைச் சொன்னபோது அவர் அழவில்லை. என்னைப் பார்த்து, “நாலில் ஒன்றுக்குத்தான் வரும் என்று சொன்னீங்களே டொக்டர்? அந்த ஒன்று மூத்தவளுக்கு வந்திட்டுதே” என்றார்.

நாலில் ஒன்று என்றதை அவர் ஒரு முறை வரிசை என்று எடுத்திருந்தார். ஒன்று முடிந்தது, இனி மூன்று பிள்ளைக்குப் பயமில்லை. மூத்தவள் மற்றவர்களுக்காகவும் சேர்த்துச் சுமந்துவிட்டாள் என்று நினைத்துத்தான் அவர்கள் இரண்டாவதைப் பெற்றார்கள். சோகிக்கு ஞாபகம் இல்லை என்று எனக்குக் காதில் வைத்துச் சொல்லித் தந்தார்கள். நான் அதை அந்தத் தாய்க்குச் சொல்லவில்லை. தெரியாமல் அல்ல, சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை.

இப்போது எப்படிச் சொல்கிறேன் என்று காட்டுகிறேன். என் கிளினிக் மேசை லாச்சியில் இரண்டு குற்றி இருக்கிறது. பத்து ரூபா அப்பா, ஐந்து ரூபா அம்மா. இரண்டிலும் ஒரு பக்கத்தில் சிவப்புப் பொட்டு. காவி ஒருவரிடம் இந்தப் பரம்பரையலகின் பிரதி இரண்டு உண்டு, ஒன்று நல்லது, ஒன்று பழுது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஏதாவது ஒன்றைக் கொடுப்பார். குற்றியைச் சுண்டுவது போலத்தான். அப்பா பழுதைக் கொடுக்க இரண்டில் ஒன்று, அம்மா கொடுக்க இரண்டில் ஒன்று. அப்பா எதைக் கொடுத்தார் என்று அம்மாவின் பக்கத்துக்குத் தெரியாது. ஆகவே இங்கே பெருக்கலாம், நாலில் ஒன்று. இரண்டு பொட்டும் தெரிந்தால் பிள்ளைக்கு நோய். ஒரு பொட்டுத் தெரிந்தால் பிள்ளையும் காவி. பொட்டே தெரியாவிட்டால் அதுவும் இல்லை.

நான் சுண்டமாட்டேன். அவர்களைத்தான் சுண்டச் சொல்வேன். கணவனிடம் ஒன்று, மனைவியிடம் ஒன்று. இரண்டு பொட்டும் விழும்வரை விடமாட்டேன். விழுந்ததும், “இனி அடுத்த பிள்ளைக்கு” என்று குற்றிகளைத் திருப்பிக் கையில் கொடுப்பேன். அந்த இடத்தில் முகம் மாறுவதைப் பார்க்கலாம். குற்றி அதே குற்றி, பொட்டு அங்கேயே இருக்கிறது. அதற்குப் பிறகு நான் அதிகம் பேசத் தேவையில்லை. மூன்று பிள்ளை பெற்றால் ஒன்றுக்காவது வர என்ன வாய்ப்பு என்று சிலர் கேட்பார்கள். வராததைக் கணக்குப் பார், வருவது தானாக வரும் என்று ரீச்சர் சொன்ன வழிதான்: ஒவ்வொன்றும் தப்ப நாலில் மூன்று, மூன்றும் தப்ப 64இல் 27, ஒன்றாவது அகப்பட 64இல் 37. பாதிக்கு மேல். தாயக்கட்டையை நாலு தடவை எறிந்தால் ஒரு ஆறாவது விழுமா என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டுச் சூதாடிகள் பந்தயம் பிடித்ததும் இதே வழியில் தீரும் கணக்குத்தான். அதன் விடை 1296இல் 671. அந்தக் கனவான்கள் காசுக்காகக் கேட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கே கலியாணப் பேச்சில் இருக்கும் பிள்ளைகளின் அம்மாமார் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நாடு முழுக்க எடுத்தால் ஏறத்தாழ ஐம்பதில் ஒருவர் பீற்றா தலசீமியாக் காவி. முன்பின் உறவில்லாத இரண்டு பேர் கலியாணம் செய்தால் இருவரும் காவிகளாக இருக்க, ஐம்பதை ஐம்பதால் பெருக்கி, 2,500இல் ஒன்று. ஆனால் நாங்கள் மச்சானுக்கும் மச்சாளுக்கும் முடிச்சுப் போடுகிற ஆட்கள். பெண் காவி என்றால், அது தாய் வழியால் வந்திருக்க இரண்டில் ஒன்று, தாய்மாமனிடமும் இருக்க இரண்டில் ஒன்று, அவர் அதை மகனுக்குக் கொடுத்திருக்க இரண்டில் ஒன்று. மச்சான் காவியாக இருக்கும் வாய்ப்பு ஐம்பதில் ஒன்று அல்ல, எட்டில் ஒன்று. தொட்டியும் வாய்க்காலும் ஞாபகம் வருகிறதா? சொந்தத்துக்குள் முடிக்கவேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை, சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். இரண்டு பேரும் இரத்தம் சோதித்துப் பாருங்கள். சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே சிவப்பணு அளவில் சிறிதாக இருந்தால் சந்தேகம் வரும், அடுத்த சோதனையில் உறுதியாகும். குறிப்புப் பார்க்க எடுக்கும் நேரத்தில் பாதி போதும். காவி என்றால் கலியாணம் நிற்கவேண்டும் என்றும் இல்லை, காவி அல்லாத ஒருவரை முடித்தால் பிள்ளைகளுக்கு இந்த நோய் வராது. பெண்ணை மட்டும் சோதித்துவிட்டு மாப்பிள்ளையைச் சோதிக்காமல் விடும் வீடுகளும் உண்டு. இரண்டு குற்றி இருக்கிறது என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்தவேண்டியிருக்கிறது.

அந்தத் தாயைப் பற்றிக் கேட்பீர்கள். மூன்றாவது பிள்ளை வேண்டாம் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். மகளுக்கும் மகனுக்கும் இப்போது வாயால் எடுக்கும் மருந்து கிடைக்கிறது, பம்பு இல்லை. இரத்தம் ஏற்றுவது மட்டும் நிற்கவில்லை. போன வருடம் அவர் தன் தங்கச்சியின் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார், கலியாணம் பேசுகிறார்களாம். நான் லாச்சியைத் திறக்குமுன் அவரே கையை நீட்டி, “அந்தக் குற்றி இரண்டையும் தாங்க டொக்டர், நான் சொல்லிக் குடுக்கிறேன்” என்றார். கொடுத்தேன். என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுத்தார்.

குற்றிகளை இன்றைக்கும் கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் வேளையில் அந்த மூலை மேசையில் இருப்பேன், வந்து சுண்டிப் பாருங்கள். ரீச்சரும் முன்வரிசையில் இருக்கிறார். சோகி கொண்டுவந்தாரா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது.